மணல் மூட்டை ஓட்டிய மோட்டார் சைக்கிள்

ரேகைமானி வந்த புதிதில் எங்கள் ஊரில் மூன்று கல்யாணங்கள் நின்றுபோயின. நான் சொல்வது கை ரேகை இல்லை, பிரேக் மிதியின் ரேகை. ஒரு வண்டியின் மிதி, பிடி, லிவர் எல்லாவற்றையும் அந்த மெஷினுக்குள் வைத்தால் போதும். எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, ஓட்டியவர் எப்படிப்பட்ட ஆள் என்று புட்டுப் புட்டு வைத்துவிடும். மாப்பிள்ளை பரம சாது என்று தரகர் சொன்னால், பெண் வீட்டார் அவருடைய ஸ்கூட்டர் பிரேக்கைக் கேட்க ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மொபெட்டை நான் சரிசெய்து, அவர் ஓட்டிய மாதிரியே தானாக ஓடவிட்டேன். அது நெளிந்து வளைந்து, வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் மனைவி "இது எங்க வீட்டு மனுசனே இல்லை" என்று வண்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த மொபெட் மேல் தனிப் பிரியம்.

என் பெயர் ரெஜினா. சிங்காநல்லூரில் ஒரு பழைய பஞ்சு கிடங்கை வாடகைக்குப் பிடித்து, அதில் அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிக்கும் பட்டறை நடத்துகிறேன். சாலையில் மனிதர்கள் கையால் வண்டி ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்து வெகுநாளாகிவிட்டது. இப்போது ரோட்டில் போவதெல்லாம் தானாக ஓடும் முட்டை வண்டிகள். ஏறி உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். பழைய வண்டிகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. வண்டியின் தேய்மானத்தைப் படித்து, அதிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு 'ஓட்டி'யைச் செய்து உள்ளே பொருத்தலாம். அந்த ஓட்டி, நீங்கள் இளவயதில் எப்படி ஓட்டினீர்களோ அப்படியே ஓட்டும். நீங்கள் கையைப் பிடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

நாச்சிமுத்துவும் சாந்தாமணியும் வந்தது ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலையில். அவர் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர், எழுபதைத் தாண்டியவர். மில் இயந்திரங்களோடு போட்டி போட்டுப் பழகிய குரல், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவே இல்லை. அவர் மனைவி சாந்தாமணி அவரில் பாதி உடம்புதான், ஆனால் பேச்சில் சளைத்தவர் இல்லை. சரக்கு வண்டியிலிருந்து நாங்கள் இறக்கிய மோட்டார் சைக்கிள் தொண்ணூறுகளில் வாங்கிய டூ-ஸ்ட்ரோக். ஏர் ஃபில்டருக்குள் ஒரு அணில் கூடு கட்டி, குடித்தனம் நடத்தி, காலிசெய்துவிட்டும் போயிருந்தது.

"துடைக்கலாம், கழுவலாம். தேய்க்க மட்டும் கூடாது" என்றார் நாச்சிமுத்து. "என்ற வண்டியில ஒரு கீறல் காணாமப் போனாலும் நான் மனுசனா இருக்க மாட்டேன், சொல்லீட்டேன்."

"அவரு கெடக்கறாரு, கண்ணு" என்றார் சாந்தாமணி. "நீ எல்லாத்தையும் பளபளன்னு பண்ணீரு. பிரேக்கு, கியரு, மிதி, எல்லாத்துக்கும் முலாம் போட்டுரு. பழைய அழுக்கு ஒண்ணு இருக்கக் கூடாது."

"அடி இவளே, தேய்ச்சுட்டா அப்பறம் மெஷின் எதைப் பாத்துப் படிக்கும்?"

"எதுக்குப் படிக்கோணும்? நீங்க ஓட்டுன லட்சணத்தைக் காசு குடுத்து வேற பாக்கோணுமாக்கும்."

நான் சட்டத்தைச் சொன்னேன். ஓட்டியவர் கைகால் பட்ட பாகங்களில் பாலிஷும் கூடாது, முலாமும் கூடாது. தை மாதக் கடைசியோடு பதிவு முடிகிறது. அதற்குள் பதிவாகாத வண்டிகள் எல்லாம் நேராக நசுக்கும் ஆலைக்குப் போகும். பதிவாகிவிட்டால் மாசியில் ஒரு நாள் ஆழியாறிலிருந்து வால்பாறை மலைக்கு ஏற விடுவார்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஒரு நாளுக்காகத்தான் ஆட்கள் என் பட்டறையில் வந்து காத்துக் கிடக்கிறார்கள்.

"இந்த வண்டியை என்னைத் தவிர ஒரு ஈ காக்கா தொட்டதில்லை" என்றார் நாச்சிமுத்து. "என்ற சொந்தத் தம்பி பொண்ணுப் பாக்கப் போறேன்னு கேட்டான். குடுக்கலையே. பஸ்ஸுலதான் போனான்."

சாந்தாமணி வாசல் பக்கம் திரும்பி மழை வருகிறதா என்று பார்த்தார். மழை வரவில்லை.

மறுநாளே வண்டியைப் பிரித்துப் போட்டேன். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போய்க் கல்யாணமான ஜோடி மாதிரி பிரிய மறுத்தது. சூடுபண்ணி, எண்ணெய் விட்டு, தட்டிக் கொடுத்து, கடைசியில் கெட்ட வார்த்தை சொன்ன பிறகுதான் இறங்கி வந்தது. கணபதி லேத்தில் சிலிண்டருக்குப் புது ஸ்லீவ் போட்டு வாங்கினேன். பெட்ரோல் டேங்குக்குள் துரு அடை அடையாக இருந்தது. கெட்டியான புளித்தண்ணீரையும் இரண்டு கைப்பிடி நட்டுகளையும் உள்ளே போட்டுக் குலுக்கிக் குலுக்கி, என் தோள்தான் கழன்றுபோனது. பெட்ரோல் இப்போது கிடைப்பதில்லை என்பதால் கரும்பு ஸ்பிரிட்டில் ஓடும்படி கார்புரேட்டரின் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாகத் துளைத்தேன். ஸ்பிரிட்டோடு விளக்கெண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். நாச்சிமுத்து மோந்து பார்த்துவிட்டு, "நான் வாழ்க்கையில தொடாததை என்ற வண்டி குடிக்குதா" என்று வருத்தப்பட்டார்.

ஒரு சின்ன விஷயம் எனக்கு விளங்கவில்லை. கிளட்ச் லிவர் பக்கத்தில், கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் கையால் திருப்புகிற ஒரு திருகு இருக்கும். ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் தொட்டால் அதிகம். இந்த வண்டியில் அந்தத் திருகின் மரை பொக்கைவாய் மாதிரி மழுங்கிக் கிடந்தது. சில பேருக்குக் கை சும்மா இருக்காது, சிக்னலில் நின்றால் எதையாவது திருகிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, பழையதை டப்பாவில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன்.

சாந்தாமணி ரெண்டு நாளைக்கு ஒருதரம் தனியாக வருவார். கையில் முறுக்கோ கச்சாயமோ இருக்கும். பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்வியாகக் கேட்பார்.

"ஏங் கண்ணு, இந்த மெஷினு ஓட்டுனது யாருன்னு பேரு சொல்லுமா?"

"பேரெல்லாம் சொல்லாதும்மா. எடை தெரியும், கால் அளவு தெரியும், எப்ப பிரேக் புடிப்பாங்க, எப்படி வளைப்பாங்கன்னு தெரியும்."

"ரெண்டு பேரு ஓட்டியிருந்தா?"

"தனித்தனியா பிரிச்சுக் காட்டும். ஆனா ஒரு வண்டிக்கு ஒரு ஓட்டிதான் பதிவாகும். அந்த ஓட்டி யாரோட ரேகையோ அவங்கதான் முன்னாடி சீட்டுல உக்காரணும். ஏன்னா நாளைக்கு அது எங்கயாவது போய் இடிச்சா, அவங்களே இடிச்ச மாதிரி."

"அப்ப புருசன் சொன்னாப் போதுமா, இன்னாருதுன்னு?"

"ஆகாது. ஆரம்பத்துல அண்ணன் தம்பி பேரைச் சொல்றது, பையன் செத்துப்போன அப்பா பேரைச் சொல்றதுன்னு ஏகப்பட்ட குளறுபடி. அதனால ஓட்டுனவங்களே ஆபீசர் முன்னாடி வந்து, 'நான்தான் ஓட்டினேன்'னு அவங்க வாயால சொல்லணும். வேற யாரும் அவங்களைக் கைகாட்டக் கூடாது."

அவர் கொஞ்ச நேரம் முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அந்தக் கியர் மிதியை மட்டும் முலாம் போட்டுரு கண்ணு, யாருக்கும் தெரியவா போகுது" என்றார். நான் முடியாது என்றேன். முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

மிதி, பிடி, லிவரை மெஷினில் படித்து, ஓட்டியவர் ஒருவர்தானே என்று முடிவை முழுக்கப் பார்க்காமல் ஓட்டியைச் செய்து பொருத்தினேன். மார்கழியில் வண்டி உயிர் பெற்றது. முதல் உதையில் ஒரு இருமல், இரண்டாவதில் ஒரு தும்மல், அடுத்த உதையில் பஞ்சு கிடங்கு முழுக்க விளக்கெண்ணெய்ப் புகை. நாச்சிமுத்து புகைக்குள் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டார். புகையினால்தான் என்று நாங்கள் கேட்காமலே சொன்னார்.

அதிகாரியின் சோதனைக்கு முன்னால் ஆளை ஏற்றி ஓட்டிப் பார்க்கக் கூடாது என்பதால், அவர் எடைக்கு ஒரு சாக்கில் மணலைக் கட்டி முன் சீட்டில் உட்கார வைத்தேன். சீட்டின் ஸ்பிரிங் அமுங்குவதை வைத்துத்தான் ஓட்டி ஆளை அறிந்துகொள்ளும். மூட்டை சரியாமல் இருக்க நாச்சிமுத்துவின் துண்டாலேயே கட்டினேன். அவர் தன் ஹெல்மெட்டையும் அதன் தலையில் கவிழ்த்தார்.

"பாக்கறதுக்கு உங்களை மாதிரியே இருக்குதுங்க" என்றார் சாந்தாமணி.

வண்டி கிளம்பியது. முற்றத்தில் இருந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்கூட்டியே நின்று, யோசித்து, இறங்கி ஏறியது. ஆள் நடமாட்டமே இல்லாத திருப்பத்தில் நாலு முறை ஹாரன் அடித்தது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போக ஒரு குடும்பமே கலந்து பேசுகிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டது. சாந்தாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். "இதேதான் கண்ணு, அச்சு அசல் இதேதான். இதுல உக்காந்து பெரிய கடைவீதி போறதுக்குள்ள எனக்குப் பசி எடுத்துரும்."

நாச்சிமுத்துவுக்குக் கோபமே வரவில்லை. மூட்டையைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சுற்றில் நான் கட்டிய கட்டு நெகிழ்ந்துவிட்டது. மூட்டையின் அடியிலிருந்து மணல் ஒழுக ஆரம்பித்தது. வண்டிக்குப் பின்னால் மெல்லிய மணல் கோடு நீண்டுகொண்டே போனது. நான் நிறுத்த ஓடினேன். அதற்குள் இன்ஜின் சத்தம் மாறியது. முனகிக்கொண்டிருந்தது சீட்டியடிக்க ஆரம்பித்தது. கியர்கள் சட் சட்டென்று விழுந்தன. எந்தப் பள்ளத்துக்கும் நிற்காமல், பள்ளங்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து, வண்டி இடுப்பை வளைத்துச் சாய்ந்து திரும்பியது. இரண்டு ஆயில் டிரம்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்து, முற்றத்தில் மணலால் ஒரு பெரிய எட்டுப் போட்டு, அது பிடித்துப்போய் இன்னொரு எட்டும் போட்டது. பாதியாக இளைத்துப்போன மூட்டை ஹெல்மெட்டோடு ஆனந்தமாக ஆடிக்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு அழகாக ஓட்டிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

மணல் மேலும் குறைந்ததும், முன்னால் ஆளே இல்லை என்று ஓட்டிக்குப் புரிந்து, வண்டி மரியாதையாக ஓரங்கட்டி நின்றது.

சாந்தாமணி சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

மெஷினில் திரும்பப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, இரண்டு பேர். ஒருவர் நாச்சிமுத்து. இன்னொருவர் ஐம்பது கிலோகூட இல்லாத ஆள், சின்னப் பாதம். பல வருடங்கள் ஓட்டியிருக்கிறார். நாச்சிமுத்துவுக்கு வந்ததே கோபம். "என்ற வண்டியை எவன்டா தொட்டவன்" என்று ஆரம்பித்து, அன்றைக்கு மில் குவார்ட்டர்ஸில் ஒல்லியாக இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாகத் திட்டித் தீர்த்தார். தம்பியைப் போனில் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். எதிர் வீட்டில் இருந்த பொன்னுசாமியை ஒண்டிப்புதூரில் தேடிக் கண்டுபிடித்து, மாவு மில் தராசில் ஏற்றியே விட்டார். பொன்னுசாமி இப்போது எண்பத்து மூன்று கிலோ. "அப்ப எவ்வளவு இருந்தே, உண்மையைச் சொல்லு" என்று கேட்டதில் இரண்டு பேருக்கும் பேச்சே நின்றுபோனது.

"அந்த ஒல்லிப் பயலோட ரேகையை அழிச்சுப்போடு" என்று என்னிடம் வந்து சொன்னார். சொல்லும்போது சாந்தாமணியும் பக்கத்தில்தான் இருந்தார். "ஆளு வந்து ஒத்துக்காட்டி ஆபீசரு எப்படியும் அழிக்கத்தானே போறாரு."

"ஆமாங்கய்யா, சோதனை அன்னிக்கு யாரும் வரலைன்னா அழிச்சுருவாங்க. அழிச்சா அழிச்சதுதான். திரும்ப எடுக்க முடியாது."

"அழியட்டும்" என்றார் நாச்சிமுத்து, கிடங்கு அதிர.

எனக்கு மனசு ஆறவில்லை. அந்த எட்டைப் பார்த்தவர்கள் யாருக்கும் ஆறாது. மறுபடி பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். கியர் மிதியில் ரப்பர் உறை எப்போதோ கழன்றிருந்தது. மிதியின் அடிப்பக்கம், கியரை மேலே தூக்கக் கால் விரல்கள் படுகிற இடத்தில், இரும்பில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மோதிர அகலத்துக்கு, சுத்தமான ஒரு வரி. தோலோ செருப்போ இப்படிக் கீறாது. உலோகம் பட்டுப் பட்டுத்தான் இப்படிக் கீற முடியும். பெருவிரலுக்கு அடுத்த விரலில் உலோகம் போட்டுக்கொண்டு நடமாடுகிறவர்கள் யார் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் காலிலும் மெட்டி இருக்கிறது.

அடுத்த முறை சாந்தாமணி வந்தபோது அந்த மிதியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

"மூணாவது சிப்டு முடிஞ்சு அவரு காலையில வந்து படுத்தா, சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு" என்றார். "ஒரு நா வீட்டுக்குப் பின்னால, பொடக்காளிப் பக்கமாத் தள்ளீட்டுப் போயி, சும்மா உக்காந்து பாத்தேன். அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்பறம் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்தேன். அப்பறம் தெனமும்."

"யாரும் பாக்கலையா?"

"அவரு மில் சட்டை, பேண்ட்டு, தலைக்குக் குரங்குக் குல்லா. சித்திரை வெயில்ல குரங்குக் குல்லா போட்டுக்கிட்டு ஒருத்தன் போறான், பாவம் ஏதோ காச்சல்னு சனங்க நெனச்சிருப்பாங்க." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

"எங்கம்மா போவீங்க?"

"எங்கயும் போகலை கண்ணு. இருகூர் தாண்டி, ரயில் ரோட்டோரமா, சூலூர்க் குளம் வரைக்கும். போயிட்டு வருவேன், அவ்வளவுதான். வீட்டுல எதைச் செஞ்சாலும் யாருக்காச்சும் ஆகுது. சோறாக்குனா அவருக்கு, துணி தொவைச்சாப் புள்ளைகளுக்கு. இது ஒண்ணுதான் யாருக்கும் ஆகாம, எனக்கே எனக்குன்னு இருந்துச்சு. கையில கிளட்ச்சு பஞ்சாட்டம் இருக்கும். அந்தக் குளத்து மேட்டுல திரும்பறப்ப வயித்துக்குள்ள ஒண்ணு கெக்கெக்கேன்னு சிரிக்கும் பாரு, அதைச் சொல்லத் தெரியலை."

"அப்பறம் ஏன் விட்டீங்க?"

"அவருக்குப் பகல் டூட்டி மாத்திக் குடுத்தாங்க. வண்டி அவரோட போயிருச்சு. நான் யாருகிட்டப் போயிச் சொல்லி அழுக?"

"இப்பச் சொல்லலாமேம்மா."

"தம்பிக்கே குடுக்காத மனுசன். நாப்பது வருசத்துக்கு மேல ஒண்ணா சோறு தின்னுட்டு, இதை மறைச்சியேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? திட்டுனாக்கூடத் தாங்கிக்குவேன். ஒண்ணும் சொல்லாம மூஞ்சியைப் பாத்தாருன்னா தாங்க மாட்டேன்." மிதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அழிஞ்சா அழியட்டும். நான் பின்னாடி உக்காந்தே போய்க்கறேன்."

நான் யாரிடமும் சொல்ல முடியாது. சட்டமும் விடாது, சாந்தாமணியும் விடமாட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

தை கடைசி வாரத்தில் சோதனைக்கு வந்த அதிகாரி நித்திலன், முப்பதுகூட ஆகாத பையன். முட்டை வண்டியிலேயே பிறந்து வளர்ந்தவன். நான் கிக்கரை உதைத்தபோது இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

"இதுல ரெண்டு பேர் ரேகை இருக்கு" என்றான் தன் திரையைப் பார்த்தபடி. "நாச்சிமுத்து, நீங்கதானே ஒருத்தர்? வந்து உக்காருங்க. இன்னொருத்தரை அழிச்சுரலாம்."

நாச்சிமுத்து உட்காரப் போனார். பாதி வழியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. தடவிக்கொண்டார். ஹெல்மெட்டைக் காணோம் என்றார். அவர் கையில்தான் இருந்தது. கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்றார். தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும் இன்னும் கொஞ்சம் கேட்டார். நித்திலன் பொறுமை இழந்துவிட்டான்.

"கடைசியா ஒருதரம் கேக்கறேன். ரெண்டாவது ரேகைக்காரங்க யாராவது இங்க இருக்கீங்களா? இல்லைன்னா அழிக்கறேன்."

"ஒரு பயலும் இல்லைங்க" என்றார் நாச்சிமுத்து. "இருந்தா இந்நேரம் வந்து நின்னிருக்க மாட்டானா. அந்த ஓட்டு ஓட்டுனவனுக்குத் தைரியம் இல்லாமயா இருக்கும்? அழிங்க."

நித்திலன் விரலைத் திரையை நோக்கிக் கொண்டுபோனான்.

"சித்தெ இருங்க சார்" என்றார் சாந்தாமணி.

செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். சேலையைத் தூக்கி இடுப்பில் இழுத்துச் செருகினார். வண்டியின் மேல் காலைப் போட்டு உட்கார்ந்து, இடது காலைக் கியர் மிதிக்கு அடியில் கொடுத்தார். மெட்டி அந்தப் பள்ளத்தில் டக்கென்று போய் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"நான்தான் ஓட்டினேன்" என்றார். புருஷனைப் பார்க்கவில்லை, ஹெட்லைட்டைப் பார்த்துச் சொன்னார்.

நாச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, என்ற வண்டியை" என்றார். பிறகு, "என்ற வீட்டுக்குள்ளேயே" என்றார். அப்புறம் தலையில் கைவைத்துக்கொண்டு, "பொன்னுசாமிகிட்ட இப்ப நான் எந்த மூஞ்சியோட போவேன்" என்றார். அதற்குள் சாந்தாமணி முற்றத்தில் முதல் எட்டைப் போட்டு முடித்திருந்தார். எழுபது வயது அம்மாள், சேலையைச் செருகிக்கொண்டு, டிரம்களுக்கு நடுவே புகுந்து வருகிறார். வாயை மூடவே இல்லை, ஒரே சிரிப்பு. நித்திலன் தன் திரையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பான் போல. பதிவு முத்திரையைக் குத்திவிட்டு, "நானும் இதைக் கத்துக்க முடியுமா" என்று என்னை ரகசியமாகக் கேட்டான். அது சட்டப்படி குற்றம் என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

மாசியில் மலையேறினோம். நான் பின்னால் தலைமையாசிரியரின் மொபெட்டைச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு, அதற்கும் ஊர் சுற்றிக் காட்டுவோமே என்று போனேன். முன்னால் சாந்தாமணி ஓட்ட, பின் சீட்டில் நாச்சிமுத்து. ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும்போது அவர் போட்ட கூச்சல் ஆழியாறு அணை வரைக்கும் கேட்டிருக்கும். "மெதுவாப் போ புள்ள, ஹாரனடி புள்ள, நம்ம ரெண்டு பேரும் செத்தோம்" என்று ஒரு வளைவுக்கு ஒன்று வீதம் சொல்லிக்கொண்டே வந்தார். சாந்தாமணி ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. மேலே போய் இறங்கியதும் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சிரித்தார்கள். குரங்குகள்கூட நின்று பார்த்தன.

அடுத்த வாரம் வண்டியைச் சர்வீசுக்குக் கொண்டுவந்தார்கள். சாந்தாமணிக்கு ஒரே ஒரு குறை.

"கிளட்ச் லிவரு கைக்கு எட்டலை கண்ணு. ஓட்டியே பாத்துக்குதுன்னாலும் என்ற கை சும்மா இருக்குதா, விரலை எட்டி எட்டிப் புடிக்க வேண்டியிருக்குது. அந்தக் காலத்துல பக்கத்துலயே இருக்கும், பஞ்சாட்டம்."

"அப்பத் திருகைத் தளர்த்தி வெச்சிருப்பீங்கம்மா, அதனாலதான் எட்டியிருக்கும்."

"என்ன திருகு?"

"லிவர் பக்கத்துல ஒண்ணு இருக்குமே. அதைக் கொஞ்சம் திருப்புனா சின்னக் கைக்கு எட்டும். பெரிய கைக்காரங்க ஓட்டறப்ப மறுபடி முறுக்கிக்கணும்."

"அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாதே. நான் எந்தத் திருகையும் தொட்டதில்லை. நான் எடுக்கறப்ப அது எப்பவும் எனக்குத் தோதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மொபெட்டைப் பார்க்க வெளியே போனார்.

நான் டப்பாவைக் கவிழ்த்துத் தேடி அந்தப் பழைய திருகை எடுத்தேன். மெஷினுக்குள் வைத்தேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை திருப்பியிருக்கிறார்கள், ஒரு தடவை தளர்த்தி, ஒரு தடவை இறுக்கி, பல வருடங்கள். பெரிய விரல்கள்.

திரும்பிப் பார்த்தேன். நாச்சிமுத்து வாசலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். முதன்முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

"சொல்லிப்போடாத கண்ணு."

"எப்பலேர்ந்துங்கய்யா தெரியும்?"

"மொத வாரமே. வண்டி இஞ்சின் சூடா இருந்தா எனக்குத் தெரியாதா? காலையில வந்ததும் தளத்தி வெச்சுட்டுப் படுப்பேன். அவ திரும்பி வர்ற சத்தம் கேட்டதுக்கப்பறம்தான் தூக்கமே வரும். ராத்திரி டூட்டிக்குப் போறப்ப மறுபடி முறுக்கிக்குவேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவங்க இத்தனை வருசமா எப்படிப் பயந்திருக்காங்க."

"சொல்லியிருந்தா நான் குடுத்ததாப் போயிரும்" என்றார். "புருசன் ஓட்ட உட்டான்னு ஆயிரும். அது அவளோடதா இருந்துச்சு கண்ணு. நான் வாயைத் தொறந்தா அது என்றது ஆயிரும்." மெஷினிலிருந்த திருகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "பகல் டூட்டி குடுத்தப்ப, சம்பளம் கூடன்னு வாங்கீட்டேன். வண்டியை எடுத்துட்டும் போயிட்டேன். அப்பறம் அவ சிரிப்பே கொறைஞ்சு போச்சு. எனக்குக் காரணம் தெரியும், கேக்கத்தான் முடியலை. அதுக்குத்தான் இந்த மெஷினுகிட்டக் கொண்டாந்தேன். அவளாச் சொல்லோணும், அவ வாயால சொல்லோணும். எவ்வளவு கத்தியிருக்கேன் பாத்தியா? பொன்னுசாமி இன்னும் பேச மாட்டேங்கறான்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

அந்தத் திருகின் மழுங்கிய மரைமேல் பற்றவைத்து நிரப்பி, புது மரை வெட்டி, குரோமியத்தில் முக்கி எடுத்தேன். இனி எந்த மெஷினாலும் அதைப் படிக்க முடியாது. மொத்த வண்டியிலும் நான் பளபளப்பாக்கியது அது ஒன்றைத்தான். பொருத்திவிட்டு, சாந்தாமணியின் விரலுக்கு எட்டும்படி தளர்த்தி வைத்து, "சரியாங்கய்யா" என்று கேட்டேன்.

அவர் லிவரை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். வெளியே சாந்தாமணி மொபெட்டின் ஹாரனை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்குது" என்றார் நாச்சிமுத்து. "இனிமே ராத்திரி திருப்பி முறுக்க வேண்டியதில்லை."